வதந்திக்கு ஒரு வேகத்தடை

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்ணைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து அடித்தே கொன்றார்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் அதே சந்தேகத்துக்கு ஐந்து பேர் பலியானார்கள். அந்த மாதங்களில் பல மாநிலங்களில் சுற்றிய ஒரு காணொளியில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்ப இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவதோடு அது முடியும். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியவர் ஒருவராக இருக்கலாம். அதைப் பரப்பியவர்களுக்குக் கணக்கில்லை. பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பதறி அனுப்பியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவர்களைத் திருத்துவதற்கு முன், இவர்கள் கையில் இருக்கும் கருவியின் அமைப்பைத் திருத்த வேண்டும் என்பதே என் வாதம்.

வதந்தி இணையத்தோடு பிறந்ததா என்ற கேள்வி நியாயமானது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற சேதி ஒரே நாளில் உலகெங்கும் உள்ள கோயில்களை எட்டியது. அன்று யாரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை. ஆனால் தொலைபேசியில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேச முடியும். கேட்பவர் “நீ பார்த்தாயா?” என்று திருப்பிக் கேட்கலாம். ஃபார்வர்டு பொத்தான் இந்த இரண்டையுமே நீக்கிவிட்டது. நூறாவது கைக்குப் போன பிறகும் காணொளி கண்ணால் கண்ட சாட்சி போலவே இருக்கிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து, 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆனது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பொய்யின் புதுமைக்கு மனிதர்களே மயங்குகிறார்கள்.

அப்படியானால் குற்றம் மனிதர்களுடையதுதானே என்று கேட்கலாம். முழுக்க அல்ல. ‘நேச்சர்’ இதழில் 2021இல் வெளியான ஆய்வொன்றில், ட்விட்டர் பயனர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஏதோ ஒரு தலைப்புச் செய்தி சரியா தவறா என்று மட்டும் கேட்கப்பட்டது. அதன் பிறகு அவர்கள் பகிர்ந்த செய்திகளின் தரம் உயர்ந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. உண்மையைப் பற்றி ஒரு கணம் நினைக்க வைத்ததே போதுமாக இருந்தது. பலருக்கு எது பொய் என்று கண்டறியும் அறிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்த இடைவெளிதான் இல்லை. கட்டுரையைத் திறக்காமல் பகிரப் போனவர்களிடம் “முதலில் படிக்கிறீர்களா?” என்று 2020இல் ட்விட்டர் கேட்கத் தொடங்கிய பிறகு, திறந்து பார்ப்பது 40 சதவீதம் கூடியதாக அந்த நிறுவனமே சொன்னது.

2018 கொலைகளுக்குப் பிறகு இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. இந்தத் தடைகள் பரவலைத் தாமதப்படுத்துமே தவிர, மிக வேகமாகப் பரவும் செய்தியை நிறுத்தாது என்று பிரேசில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தாமதமே பெரிது. கும்பல் கூடுவதற்கு முன் காவல் நிலையத்துக்குக் கிடைக்கும் சில மணி நேரம் ஓர் உயிரின் விலை. வருத்தம் என்னவென்றால், அன்று 256 பேர் இருக்கக்கூடிய குழுவில் 2022 முதல் 1,024 பேர் இருக்கலாம். ஒரு கையால் போட்ட தடையை இன்னொரு கை தளர்த்துகிறது.

2015 சென்னை வெள்ளத்தில் படகும் உணவும் எங்கே தேவை என்ற சேதியைக் கொண்டுசேர்த்ததும் இதே பகிர்தல்தான், வேகத்தைக் குறைத்தால் அதுவும் முடங்காதா என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் உதவி கேட்பவர் நேரடியாக எழுதும் செய்திக்கு இந்தத் தடை இல்லை. ஃபார்வர்டு ஆவதற்குத்தான், பல கை மாறியதற்கு இன்னும் கடுமையாக. செய்தியின் உள்ளடக்கத்தை யாரும் படிக்கத் தேவையில்லை என்பதால் அந்தரங்கமும் கெடாது. நம் அரசின் 2021 விதிகளோ செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கின்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கராச்சி காணொளியை வெட்டியவரைப் பிடித்தால் அவருக்குத் தண்டனை கிடைக்கும்; அடுத்த காணொளி அதே வேகத்தில்தான் ஓடும். அரசு கேட்க வேண்டியது வேறு: எந்தத் தடை எவ்வளவு பயன் தந்தது என்பதை நிறுவனங்களின் அறிவிப்பை நம்பாமல் சுதந்திரமாக அளக்க வழி. எம்ஐடி குழுவுக்குத் தன் தரவுகளைத் திறந்துவிட்ட ட்விட்டர், உரிமையாளர் மாறிய பின் 2023இல் ஆய்வாளர்களுக்கான இலவச வழியை மூடிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது. அப்படியொரு விதி நமக்கும் உடனே வேண்டும்.