புதுப் பேட், பழைய டிஸ்க்

மேட்டுப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் நான் நின்றிருந்தபோது, கோத்தகிரியிலிருந்து கேரட் மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு ஒரு பழைய பிக்கப் நேராக உள்ளே வந்தது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்பது புகார். “போன மாசந்தானுங்ணா பேடு மாத்துனேன்” என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது உண்மைதான். பேடில் இன்னும் 8 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. தேய்ந்து போயிருந்தது டிஸ்க்.

அதை அளந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் வெர்னியரை விளிம்பில் வைத்தார்கள். கிட்டத்தட்டப் புது டிஸ்கின் அளவு காட்டியது. டிஸ்கின் வெளி ஓரத்தில் பேட் படாத ஒரு வளையம் உண்டு. அது தேயாமல், துருவேறி, வரப்பு மாதிரி மேடாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்தால் பொய் சொல்லும். பட்டறைக்காரர் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, வரப்புக்கு உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக வைத்து அளந்தார். பிறகு நாணயங்களின் கனத்தைக் கழித்தார். 18.6 மில்லிமீட்டர். டிஸ்கின் நடுக்குடத்தில் அச்சாகியிருந்த குறைந்தபட்சக் கனம் 20. இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் பெரும்பாலான டிஸ்குகளில் அது வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டினால் தெரியும். எழுதியிருக்கும் அளவுக்குக் கீழே போன டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தினால் நடுக்கம் நிற்கலாம். கனம் இன்னும் குறையும், அவ்வளவுதான்.

கனம் குறைந்தால் என்ன? டிஸ்க் என்பது வெப்பத்தை வாங்கிவைக்கும் இரும்புத் தொட்டி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வண்டி 1,400 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. சுமையோடு 3 டன் எடையுள்ள ஒரு வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றலை முழுக்க வெப்பமாக்கினால், ஏறத்தாழ 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். செகண்ட் கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்குக்குத்தான், அதிலும் பெரும்பங்கு முன்சக்கரத்து இரண்டு டிஸ்குகளுக்கு. எஞ்சினையே அணைத்துவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவமும் கிடைக்காது. இரண்டு மூன்று மிதியோடு பெடல் கல்லாகிவிடும். மெலிந்த டிஸ்க் இதே வெப்பத்தை வாங்கி இன்னும் அதிகச் சூடேறும். நீலம் பாய்ந்து, மயிரிழைக் கீறல் விடும். பேடும் டிஸ்கும் சேர்ந்தே தேய்ந்தால் காலிப்பரின் பிஸ்டன் தன் இடத்தைவிட்டு ரொம்ப வெளியே வந்து நிற்கும். ஆயில் கசியும் ஆபத்தும் அங்கேதான்.

மலையில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று தரைவரை போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் விட்டிருக்கிறது. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும், 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலைக்கு அந்தத் தரம் கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: இறக்கத்தில் நன்றாகப் பிடித்த பிரேக், அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது இல்லாமல் போவதுண்டு. ஓடும்போது காற்று பட்ட டிஸ்க், நின்றதும் தன் சூட்டைக் காலிப்பருக்குள் இறக்கிவிடுகிறது. ஆயில் கொதிப்பது அந்தப் பத்து நிமிடத்தில்.

ஆகவே பழைய வண்டிக்கு முன் பிரேக் வேலை என்றால் டிஸ்க், பேட் இரண்டையும், இடம் வலம் இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் செய்பவர் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. ஸ்டாண்டு போட வேண்டும். ஹாலோ பிளாக் கல் சொல்லாமல் நொறுங்கும். பழைய தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. பெயர் தெரியாத பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அது நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரும் நார். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

புது டிஸ்க் போட்டும் ஆயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் திரும்பி வந்தால், ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஹப் முகத்தில் விட்டுவைத்த துருதான். டிஸ்க் உட்காரும் இடத்தில் ஒரு துருச்செதில் இருந்தால் போதும். டிஸ்க் சுற்றும்போது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசிக் கனம் ஏறுமாறாகும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பட்டறைகளில் முதலில் விடுபடுவதும் அந்த ஐந்து நிமிடம்தான்.

கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பத்து வருட ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. அப்படிப்பட்ட பக்கத்தில் புதுப் பேடும் கருகும். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் அப்படியே இருந்தால் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குச் சேஸிஸ் கிரீஸ் போடுவது பெரிய தவறு, ரப்பர் ஊதிப்போகும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். புது டிஸ்கின் மேல் துருப் பிடிக்காமல் தடவியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். மண்ணெண்ணெய் ஒரு படலத்தை விட்டுப்போகும், அது பேடில் ஊறும்.

எஃப்.சி. வாங்கியாயிற்றே என்று நினைப்பவர்களுக்கு: எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடம் ஒருமுறை தகுதிச் சான்று. அன்றைக்கு, அந்த இடத்தில் பிரேக் பிடித்ததற்கு அது சாட்சி. அடுத்த பதினோரு மாதத்துக் கேரட் லோடுகளுக்கு அது பொறுப்பேற்காது.

வேலை முடிந்ததும் செய்யும் ஒரு தவறு சுவரில் கொண்டுபோய் மோதிவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புதுப் பேட் போட்டிருப்பீர்கள். முதல் மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். கியர் போடும் முன், நின்ற இடத்திலேயே, கெட்டியாகும்வரை பெடலை மிதியுங்கள். ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பிறகு லோடு இல்லாமல், சமதரையில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக 10-க்கு இறக்கி, ஆறவிட்டு, மறுபடி. இப்படிப் பத்துத் தடவை. சூடான டிஸ்கில் பேடை அழுத்தியபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். முதல் நூறு கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீலைத் தொடாமல் உள்ளங்கையை அதன் அருகில் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்தை இன்றைக்கே திரும்பக் கழற்ற வேண்டும், அடுத்த லோடு ஏற்றும் முன்.