நிழலிலும் நிறம் காட்டும் கோரல் பெல்ஸ்

மரத்தடியில் எதை நட்டாலும் வளரவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் அமெரிக்கத் தோட்டப் பிரியர்கள் தேடிப்போகும் செடி, கோரல் பெல்ஸ். தாவரவியல் பெயர் ஹியூகெரா. வட அமெரிக்காவே பூர்வீகம். நம்மூர் குரோட்டன்ஸ் நிறம் பிடிக்க நல்ல வெயில் கேட்கும். இதற்குக் காலை வெயில் போதும், மதியம் நிழல்தான் வேண்டும்.

மெல்லிய தண்டில் குட்டி மணிகளாய்ப் பூக்கும். ஹம்மிங்பேர்டுகள் பூவைத் தேடி வரும். மனிதர்கள் மயங்குவதோ இலைக்குத்தான்! கரும் ஊதா இலை கொண்ட ‘பேலஸ் பர்ப்பிள்’ ரகம் 1991-ல் அங்கே ‘ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி’யாகத் தேர்வானது. புழுக்கம் அதிகமுள்ள ஊர் என்றால், வில்லோசா இனத்திலிருந்து வந்த ரகங்களே தாங்கும். தண்ணீர் தேங்கினால் எந்த ரகமும் அழுகிவிடும்.

நிஜமான சோதனை குளிர்காலத்தில். மண் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது செடியையே மேலே தள்ளிவிடும். வேர் வெளியே தெரிவதைப் பார்த்து, ‘செத்துப்போச்சு’ என்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்! மண்ணில் மீண்டும் அழுத்தி, சுற்றிலும் இலைமட்கு போட்டால் துளிர்த்துவிடும்.

தொட்டதுமே வேரில்லாமல் கையோடு வந்தால், வண்டின் புழுக்கள் வேரைத் தின்றிருக்கலாம். மண்ணைக் கிளறி, அந்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிட்டு, மிஞ்சிய தண்டை வேறிடத்தில் நட்டுப் பாருங்கள். பலசமயம் புது வேர் பிடிக்கும்.