பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. மறுநாள் காலையிலும் வழக்கம்போல ஆன் ஆனது, பிரிண்ட் எடுத்தது, யூடியூப் ஓடியது. அதனாலேயே பல வீடுகளில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். இனி விண்டோஸ் 10-ல் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க வழக்கமாக வரும் அப்டேட் வராது.

இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அதைப் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள். போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் மட்டும் பார்க்கிறோம் என்றால் வேறு கதை. நெட் பேங்கிங், வருமான வரிக் கணக்கு என்று பயன்படுத்துகிறவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

விண்டோஸ் 11-க்கு மாற மைக்ரோசாஃப்ட் காசு கேட்பதில்லை. முறையான உரிமத்தோடு விண்டோஸ் 10 ஓடுகிற, தகுதியுள்ள கம்ப்யூட்டர் இருந்தால் போதும். அந்தத் தகுதியில்தான் சிக்கல். 64-பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் இன்று பெரிய விஷயமில்லை. பிராசசரின் வயதும் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லும்தான் பலரையும் வாசலில் நிறுத்துகின்றன.

இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பிராசசரின் பெயரிலேயே இது தெரியும்: ஐ5-8250 என்றால் எட்டாவது, ஐ5-7200 என்றால் ஏழாவது. ஏழாவதில் சில மாடல்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஏ.எம்.டி.யில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து கணக்கு. ஆக, 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் தேறுவது கடினம். தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை இந்தக் கோட்டைத் தாண்டாது.

நம் கம்ப்யூட்டர் தேறுமா என்று பார்க்க 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்டே தருகிறது. அது 'டி.பி.எம். 2.0 இல்லை' என்று சிவப்புக் குறி காட்டியதும் புது கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிராசசர் தேறியும் டி.பி.எம். மட்டும் இல்லை என்று வந்தால், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்களில் இது சர்வசாதாரணம். தனிச் சில்லாக இல்லாவிட்டாலும் பிராசசருக்குள்ளேயே அந்த வசதி இருக்கும். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஆன் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

விண்டோஸ் கீயையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டி-பி-எம், ஒரு புள்ளி, பிறகு எம்-எஸ்-சி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி எண்டர் கொடுங்கள். டி.பி.எம். விழித்திருந்தால் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் அதன் பதிப்பு 2.0 என்று தெரியும். இல்லையென்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை வெளிச்சமாகும் முன்பே டெலிட் அல்லது எஃப்2 கீயை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். இன்டெல் போர்டில் 'பி.டி.டி.' என்றும், ஏ.எம்.டி. போர்டில் 'எஃப்.டி.பி.எம்.' என்றும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 'செக்யூரிட்டி' அல்லது 'அட்வான்ஸ்டு' பகுதியில் ஒளிந்திருக்கும். அதை எனேபிள் செய்து சேமித்து வெளியே வந்தால் சிவப்புக் குறி பச்சையாகிவிடும்.

பயாஸில் இருக்கும்போது இன்னொன்றில் கை வைக்கத் தோன்றும். 'லெகசி' என்று இருப்பதை 'யூ.இ.எஃப்.ஐ.' என்று மாற்றச் சொல்லி வீடியோக்கள் சொல்கின்றன. விண்டோஸ் 11-க்கு அந்த மாற்றம் தேவைதான். ஆனால் டிஸ்க் பழைய எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், மாற்றிய மறுநிமிடம் விண்டோஸ் பூட் ஆகாது. பதற வேண்டாம், திரும்ப லெகசிக்கே மாற்றினால் பழையபடி வந்துவிடும். முதலில் டிஸ்க்கை ஜி.பி.டி. முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே கருவி இருக்கிறது, ஃபைல்களும் அழியாது. இருந்தாலும் கமாண்ட் புராம்ப்ட் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

பிராசசரே பழசு என்றால்? மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால், விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. அது மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் அவகாசம், அவ்வளவுதான். தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகளும் புழக்கத்தில் உள்ளன. பொழுதுபோக்குக்குச் செய்து பார்க்கிறவர்கள் செய்யட்டும். அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்பா பென்ஷன் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம் என்பேன். அதைவிட லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் மேல். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, சவுண்டு, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு இன்ஸ்டால் செய்யலாம். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் அது சரிப்படாது.

தேறிய கம்ப்யூட்டருக்கு வருவோம். பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஏறும். ஆனால் ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரலாம். எஸ்.எஸ்.டி. மாற்றுவதும் ராமை 8 ஜிபி ஆக்குவதும்தான் செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

ஏற்றும் முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். 'டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்' என்பது பேக்கப் இல்லை. சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். போனால் சேர்ந்தேதான் போகும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

தமிழில் டைப் செய்கிறவர்கள் ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்து நகல் எடுப்பது அவசியம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகையும் வாடகை ஒப்பந்தமும் அந்த ஃபான்ட் இல்லையென்றால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும். பழைய விண்டோஸ் மேலேயே புதியதை ஏற்றினால் ஃபான்ட்கள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அவையும் போய்விடும். 'ஃபார்மட் அடித்துப் போட்டால்தான் சுத்தமாக இருக்கும்' என்று கடையில் சொல்லும்போது இது ஞாபகம் இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்.

லேப்டாப்பில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் பிட்லாக்கர் கீ என்ற 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்த மெயில் ஐடி, அதன் பாஸ்வேர்டு என்ன என்பது நினைவில்லாமல் ஃபைல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்காரர் 'கிராக்' செய்து போட்டுக் கொடுத்த விண்டோஸ் என்றால், அதன் மேல் புதியதை ஏற்றினாலும் உரிமம் முளைத்துவிடாது. உரிமம் வாங்கவோ லினக்ஸ் பக்கம் போகவோ இதுவே சமயம்.

விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே விண்டோஸ் 11 காத்திருந்தால் அதை அழுத்துவதுதான் எளிது. வரவில்லையென்றால் மைக்ரோசாஃப்டின் 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்' போதும். டவுன்லோடு பல ஜிபி வரும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதைத் தொடங்காதீர்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், சதவீதம் ஒரே இடத்தில் நிற்கும். அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்தக் கூடாது.

ஏறி முடிந்ததும் ஒன்டிரைவைக் கவனியுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை கிளவுடுக்கு அனுப்பட்டுமா என்று கேட்கும்; அவசரத்தில் சரி சொல்லிவிட்டால் இலவசமாகத் தரும் 5 ஜிபி சீக்கிரமே நிரம்பி, இடம் வாங்கு என்று தினமும் நச்சரிக்கும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அந்த பேக்கப்பை நிறுத்திவிடலாம்.

பிடிக்கவில்லை என்றால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். செட்டிங்ஸில் 'ரெகவரி' பகுதியில் 'கோ பேக்' பொத்தான் இருக்கும். அதற்குக் கெடு 10 நாள். எனவே முதல் வாரத்திலேயே பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள், ஸ்கேனரை ஓட்டுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் அந்த வரிக் கணக்கு மென்பொருளையும் திறந்து பாருங்கள். சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்று ஒரு பெரிய ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். திரும்பிப் போகும் வழி அதுதான் என்பதால் அதுவரை அதை அழிக்காதீர்கள். கெடு முடிந்ததும் விண்டோஸே அதை நீக்கிவிடும்.