உங்களுக்குத் தெரியுமா? மனச்சோர்வும் சாப்பாட்டுத் தட்டும்

■ ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ‘ஸ்மைல்ஸ்’ ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேர் பங்கேற்றனர். 12 வாரம் உணவு ஆலோசனை பெற்றவர்களில் சுமார் 32 சதவீதத்தினர் சோர்விலிருந்து மீண்டனர். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினரே மீண்டனர்.

■ அந்த உணவின் அடிப்படை முழுதானியம், பயறு, காய்கறி, பழம், மீன். விருதுநகர் மாவட்டத்து வ. புதுப்பட்டி வீடுகளுக்கு இது புதிதல்ல: கம்பங்கூழ், தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, நிலக்கடலை, மத்தி மீன் எல்லாம் இதே வகைதான்.

■ வைட்டமின் பி12 குறைந்தால் அசதி, மறதி, மனச்சோர்வு வரலாம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் அது உண்டு. நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் குறையலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

■ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் சர்க்கரை அதிகம். அதை விசேஷ நாளுக்கு வைத்துக்கொண்டு, அன்றாடம் தயிர், மோர் சேர்ப்பதே நல்லது.

■ தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதன் அசதியும் சோர்வும் மனச்சோர்வு போலவே தோன்றலாம். கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

■ படபடப்பு, தூக்கமின்மை உள்ளவர்கள் மாலைக்குப் பிறகு காபி, டீயைத் தவிர்க்கலாம்.

■ உணவு சிகிச்சைக்குத் துணைதான், மாற்று அல்ல. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனம் தாங்காதபோது ‘டெலி மனாஸ்’ இலவச எண் 14416-ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.