வணிகக் கணனிகளும் நச்சுநிரல்களும்: ஒரு நோக்கு

வணிக நிறுவனங்களின் கணனிப் பாதுகாப்பு, நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை வாங்குவதோடு முடிவதாகக் கருதும் போக்கு இன்றும் நிலவுகின்றது. 2017 யூன் 27இல் பரவிய நொட்பெட்யா இக்கருத்தின் போதாமையை வெளிப்படுத்திற்று.

உக்ரேனில் வழங்கிய கணக்கீட்டு மென்பொருளொன்றின் இற்றைப்படுத்தலினூடாகவே அது நிறுவனங்களுட் புகுந்தது. விண்டோசின் குறைபாட்டுக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆயினும், திருத்தப்படாத ஒரு கணனியில் தொற்றிய நிரல், அதன் நினைவகத்திலிருந்த நிருவாகியின் கடவுச்சொல்லைக் கவர்ந்து, திருத்தப்பட்டவற்றையும் வீழ்த்தியது. ஒரே நிருவாகிக்கு எல்லாக் கணனிகளிலும் அதிகாரம் வழங்கும் வழக்கமே அதற்கு வழிவிட்டது என்பது எம் கருத்து.

உக்ரேன் கிளையினூடாகத் தாக்குண்ட டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 வழங்கிகளையும் 45,000 கணனிகளையும் 10 நாட்களில் மீள நிறுவ நேர்ந்தது. பயனர் விபரங்களைத் தாங்கிய அதன் வழங்கிகள் ஒன்றையொன்று பிரதிசெய்து வந்தமையால், அவ்விபரங்களுக்குத் தனிக் காப்புப்பிரதி இருக்கவில்லை. அனைத்தும் ஒருங்கே அழிந்தன. எஞ்சியது கானாவிலிருந்த ஒன்றே. அதனைக் காத்தது எம்மென்பொருளுமன்று, தாக்குதலின் முன் அங்கு ஏற்பட்ட மின்தடை (நாம் வழக்கமாகச் சபிப்பது!) அதனை வலையமைப்பிலிருந்து துண்டித்திருந்தது.

எச்சரித்த ஊழியர் அங்கு இல்லாமலில்லை. சீரமைப்புத் திட்டத்துக்கு முன்னரே நிதி ஒதுக்கப்பட்டிருந்தும் அது நிறைவேறவில்லை. மேலதிகாரிகளின் ஊக்கத்தொகைக்கான அளவுகோல்களுள் அது இடம்பெறாமையே காரணமென ஊழியர் கூறியதாக அறிகின்றோம்.