நட்ட முடி சுருள்வது ஏன்? முடி மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்கள்

இஸ்தான்புல் விமான நிலையத்தில், நெற்றியைச் சுற்றி ஒரு பட்டையும், முன்னந்தலை முழுவதும் சிவந்த புள்ளிகளுமாக விமானத்துக்குக் காத்திருக்கும் ஆண்களைக் காண்பது இப்போது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. முடி மாற்று சிகிச்சைக்காக வெளிநாட்டவர்கள் திரளும் நகரங்களில் முதன்மையானதாக அது மாறியிருக்கிறது.

லண்டன், பாரிஸ், டொரோண்டோ போன்ற நகரங்களில் வாழும் தமிழர்களும் இந்தப் பயணத்துக்கு விலக்கல்ல. சிலர் துருக்கிக்குப் போகிறார்கள். ஊருக்குப் போகும் விடுமுறையிலேயே சென்னையில் செய்துகொண்டு திரும்புபவர்களும் உண்டு.

சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் பலன் என்ன என்று தெரிய ஓராண்டு, சில வேளைகளில் ஒன்றரை ஆண்டு ஆகிறது. இந்த இடைக்காலத்தில் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் பலரையும் கலங்க வைப்பது, முளைத்து வரும் முடியின் தன்மை.

வாழ்நாள் முழுதும் கோரை முடியாக இருந்தவருக்கு, நட்ட இடத்தில் மட்டும் கம்பி போல் விறைத்த, முறுக்கிக்கொண்ட, தொட்டால் சொரசொரப்பான முடி வளர்கிறது. சீப்புக்குப் படிவதில்லை. ஒளியில் மங்கலாகத் தெரிகிறது. சிகிச்சை செய்த நிலையத்தைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: இது சாதாரணம், காத்திருங்கள்.

பெரும்பாலானவர்களின் விடயத்தில் அந்தப் பதில் உண்மையானதே. ஆனால் ஒரு தவற்றை மறைப்பதற்கும் அதே பதில் பயன்படக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

விதியும் அதன் எல்லையும்

முடியை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் நடும் முயற்சியை 1939இல் ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒக்குடா விரிவாகப் பதிவு செய்தார். தழும்பினால் முடி இழந்தவர்களுக்காக அவர் அதனைச் செய்தார். உலகப் போர் குறுக்கிட்டதால் மேற்குலகம் அவரது பணியை வெகுகாலம் அறியவில்லை.

நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952இல் ஆண் வழுக்கைக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார். 1959இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் அடிப்படை விதியாக அமைந்தது. பிடரியிலுள்ள மயிர்க்கால்கள் ஹார்மோன்களின் தாக்கத்துக்கு எளிதில் ஆளாவதில்லை. அவற்றை வழுக்கை விழுந்த உச்சியில் நட்டாலும், அவை பிடரியின் குணத்தையே தக்கவைத்துக்கொள்கின்றன. எடுத்த இடத்தின் குணமே மேலோங்கும் என்பது அந்த விதியின் சாரம்.

இந்த விதிப்படி பார்த்தால் நட்ட முடியின் தன்மை மாறவே கூடாது. ஆனால் விதிக்கு ஓர் எல்லை இருப்பதை 2002இல் தென்கொரிய மருத்துவர் சுங்ஜூ ஹ்வாங்கும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தலைமுடியைக் காலில் நட்டுப் பார்த்தபோது அது தலையில் வளர்ந்ததைவிட மெதுவாக வளர்ந்தது. 

அதாவது முடி உதிருமா, நிலைக்குமா என்பதை மயிர்க்கால் தன்னுடன் கொண்டுவருகிறது. ஆனால் அது எப்படி வளர்கிறது என்பதில் புதிய மண்ணுக்கும் பங்குண்டு.

பச்சை பிடிக்கும் காலம்

நெல் நாற்றைப் பிடுங்கி நட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இச்சிகிச்சையின் முதல் மாதங்கள் எளிதில் விளங்கும். நட்ட சில நாட்களில் பயிர் வெளுத்து, துவண்டு, பட்டுப்போனது போலத் தோன்றும். வேர் ஊன்றிய பின்னரே பச்சை பிடிக்கும்.

இன்று பரவலாக உள்ள எஃப்.யு.இ. முறையில், ஒரு மில்லிமீட்டர் அளவிலான, அல்லது அதனிலும் சிறிய வட்டக் கத்தியால் மயிர்க்கால்கள் தனித்தனியாக அகழ்ந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை இருக்கும். நட்ட ஒன்பது, பத்து நாட்களில் அவை தோலோடு இறுகிவிடுகின்றன. பின்னர், இரண்டாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில், நட்ட முடிகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன. முடிதான் விழுகிறது, மயிர்க்கால் தோலுக்குள் உறங்குகிறது.

மூன்றாவது அல்லது நான்காவது மாதத்தில் முதல் முடிகள் எட்டிப் பார்க்கின்றன. அவை மெலிந்தும், நிறம் குன்றியும், வளைந்தும் இருப்பது வழக்கம். பன்னிரண்டாவது மாதம் வரை அவை தடிக்கின்றன. உச்சந்தலையில் இன்னும் தாமதமாகும்.

அச்சும் இழையும்

முடி ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பதை அறிய, அது உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். மயிர்க்காலின் அடியிலுள்ள குமிழில் பிறக்கும் உயிரணுக்கள் மேலே தள்ளப்பட, கெரட்டின் என்னும் புரதம் நிரம்பி இறுகி, முடித்தண்டாக வெளிவருகின்றன. இடியாப்ப உரலில் மாவு மென்மையாக உள்ளே சென்று, அச்சின் வடிவத்தில் இழையாக வெளிவருவதற்கு இதனை ஒப்பிடலாம். மயிர்க்கால் நேரானதாக இருந்தால் முடி நேராக வரும். அது வளைந்தோ, அதன் குமிழ் ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால் சுருள் விழும். சுருட்டை முடியும் கோரை முடியும் இங்கேதான் பிரிகின்றன.

நட்ட மயிர்க்காலைச் சுற்றிக் காயம் ஆறும்போது, கொலாஜன் என்னும் நார்ப்புரதம் புதிதாகப் படிகிறது. தொடக்கத்தில் அது ஒழுங்கற்றும் விறைப்பாகவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு தழும்பு மயிர்க்காலை ஒரு பக்கமாக நெருக்கினால், அச்சு கோணுகிறது, இழையும் கோணுகிறது. தழும்பு முதிர்ந்து தளர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். முடியின் தன்மை சீராகும் காலமும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கிறது.

இன்னொரு காரணம் எண்ணெய்ச் சுரப்பி. ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி இச்சுரப்பி உண்டு. மயிர்க்காலை அகழும்போதோ, நுண்ணோக்கியின் கீழ்ச் சீர்ப்படுத்தும்போதோ அதன் ஒரு பகுதி சிதையக்கூடும். எண்ணெய்ப் பசை குறைந்த முடி வறண்டு, மினுமினுப்பின்றி இருப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது, கையாண்ட விதம். உடலுக்கு வெளியே மயிர்க்கால் ஈரத்திலேயே இருக்க வேண்டும். சில நிமிடங்கள் உலர விட்டாலும், இடுக்கியால் குமிழை நசுக்கினாலும் அது பாதிக்கப்படும். பிழைத்தாலும், நலிந்த முடியையே தரலாம். ஒரே நாளில் பல ஆயிரம் மயிர்க்கால்களை நடுவதாக விளம்பரம் செய்யும் இடங்களில், கடைசி ஆயிரத்தை நடும் கைகள் எவ்வளவு களைத்திருக்கும் என்பதை எவரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

இவற்றோடு மிக எளிய காரணமும் ஒன்றுண்டு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. குட்டையான முடிக்குத் தன் எடையால் படியும் வாய்ப்பில்லை. ஆறாவது மாதத்தில் விறைத்து நிற்பது, நீளம் கூடியதும் அடங்குவதுண்டு.

பாதிப்புற்ற மயிர்க்கால் வேறு தன்மையிலான முடியைத் தருவது இச்சிகிச்சைக்கு மட்டும் உரியதல்ல. புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றவர்களில் பலருக்கு, உதிர்ந்த நேரான முடி திரும்ப முளைக்கும்போது சுருட்டையாக வருகிறது. பெரும்பாலும் காலப்போக்கில் அது பழைய நிலைக்குத் திரும்புகிறது.

காத்திருந்தாலும் மாறாதவை

சில குறைகள் காலத்தால் சரியாவதில்லை. முன்னெற்றியில் இயற்கையான முடி தோலோடு ஏறத்தாழப் படுத்த கோணத்தில், முன்னோக்கி வளரும். அதைச் செங்குத்தாக நட்டுவிட்டால் ஓராண்டு கழித்தும் அது செங்குத்தாகவே நிற்கும்.

நெற்றியோரம் இயற்கையில் மெல்லிய, ஒற்றை முடிகளால் ஆனது. அங்கே மூன்று, நான்கு முடிகள் கொண்ட தடித்த மயிர்க்கால்களை நட்டால் துடைப்பம் போன்ற தோற்றம் வரும். கருத்த, தடித்த முடியுடைய தெற்காசியர்களிடம் இது எளிதில் புலப்படும். பிடரியில் போதிய முடியில்லாதவர்களுக்குச் சிலர் தாடி முடியை எடுத்து நடுகிறார்கள். தாடி முடி பெரும்பாலும் தாடி முடியாகவே வளரும். இதனை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது மருத்துவரின் கடமை.

வேறொன்றும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நட்ட முடி தடிக்கும் அதே மாதங்களில், அதன் அருகிலுள்ள பழைய முடி வழுக்கையின் போக்கில் தொடர்ந்து மெலிந்துகொண்டிருக்கும். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் வேலையைச் சிகிச்சை நிறுத்துவதில்லை. ஆகவே நட்ட முடி முரடாகிவிட்டது என்று நினைப்பவர்களில் சிலருக்கு, உண்மையில் மாறியிருப்பது அதைச் சூழ்ந்த முடி. மினாக்சிடில், ஃபினாஸ்டெரைட் போன்ற மருந்துகள் இந்த மெலிவைத் தடுக்கவே தரப்படுகின்றன. அவற்றுக்குப் பக்கவிளைவுகளும் உண்டு என்பதால், மருத்துவரின் ஆலோசனையின்றி அவற்றைத் தொடங்கக் கூடாது.

கடல் கடந்த மருத்துவர்

தற்காலிகக் கோணலையும் நிரந்தரப் பிழையையும் பிரித்தறிய, அனுபவமுள்ள ஒருவர் தலையை நேரில் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் சிகிச்சை செய்துகொண்டவருக்குக் கிடைக்காதது இதுதான். கைத்தொலைபேசியில் அனுப்பும் படத்தில் தோலின் தடிப்போ, முடி வெளிவரும் கோணமோ சரியாகத் தெரிவதில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவை, முடி மாற்று சிகிச்சையை அழகியல் சிகிச்சையாகக் கருதுவதால் அதற்கான செலவை ஏற்பதில்லை.

ஒழுங்குமுறையும் தாமதமாகவே வந்தது. சென்னையில் 2016இல் இச்சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தது, யார், எங்கே, என்ன தகுதியோடு இதனைச் செய்யலாம் என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் எழுப்பியது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், யூடியூபில் பார்த்துக் கற்பது போதிய பயிற்சியாகாது என்று எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் கூறும். முடிச் சீரமைப்பு அறுவை மருத்துவர்களின் சர்வதேச சங்கமும் கள்ளச்சந்தைச் சிகிச்சை நிலையங்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்து வந்திருக்கிறது.

காத்திருக்கச் சொல்லும் பதிலை ஏற்கக் கூடாத தருணங்கள் உண்டு. சீழ் வடிதல், பரவும் சிவப்பு, அதிகரிக்கும் வலி, தோல் கருத்துப்போதல் ஆகியவை எந்த மாதத்திலும் சாதாரணமல்ல. அன்றே அருகிலுள்ள மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. அதேபோல், முடி வெளிவரும் கோணம் தவறாக இருந்தால் அது ஐந்தாம் மாதத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு ஓராண்டுப் பொறுமை தேவையில்லை.

மறுபுறம், முறுக்கிய முடியைக் கண்டு அவசரமாக இரண்டாவது சிகிச்சைக்குப் போவதும் ஆபத்தானது. பிடரியிலிருந்து எடுக்கக்கூடிய மயிர்க்கால்கள் வாழ்நாளுக்குச் சில ஆயிரங்களே. எடுத்த இடத்தில் திரும்ப முளைப்பதில்லை. இரசாயனம் பூசியோ, சூடான கருவியாலோ முடியை நேராக்க முயல்வதும், ஏற்கனவே வறண்ட முடியை முறியச் செய்யும். மென்மையான ஷாம்பூ, கண்டிஷனர், பொறுமை ஆகியவையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. ஒரு முடியின் நுனி முதலில் வளர்ந்த பகுதி. அடி அண்மையில் வளர்ந்தது. எட்டு, ஒன்பது மாதம் கடந்து முடி சில சென்டிமீட்டர் நீண்டதும், தனி முடி ஒன்றை விரல்களுக்கிடையே மெல்ல உருவிப் பார்க்கலாம். நுனி நெளிந்தும் அடி வழவழப்பாகவும் இருந்தால், மயிர்க்கால் தேறி வருகிறது என்று கொள்ளலாம். நெளிந்த அந்த நுனிகளை ஒரு முடிவெட்டிலேயே கழித்துவிடவும் முடியும். அடியும் நுனியைப் போலவே இருந்தால், நிலையத்துக்கு இன்னொரு படம் அனுப்புவதற்குப் பதிலாக, உள்ளூர்த் தோல் மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்ட வேண்டிய நேரம் அது.