மரச் சிற்பமும் கணினிச் சித்திரமும்

கைத்தொழில் எதுவாயினும் அதற்கு இன்றியமையாதன மூன்று: மூலப்பொருள், கருவி, மாதிரி. முதலிரண்டையும் அங்கத்தினர்களுக்கு நியாயமான விலையில் பெற்றுத் தருவதைக் கூட்டுறவுச் சங்கங்கள் தம் முதற்கடமையாகக் கொண்டு வந்துள்ளன. நெசவாளருக்கு நூலும் சாயமும், விவசாயிக்கு விதையும் உரமும் என இத்துறையில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. மூன்றாவதாகிய மாதிரியைக் குறித்து அத்தகைய சிந்தனை நிகழவில்லை. மாதிரி என்பது தொழிலாளியின் நெஞ்சிலும் கையிலும் இருப்பது. அதனை எவரும் கொண்டுபோக இயலாது என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கை இனிச் செல்லாது. மாதிரி இன்று கணினிக் கோப்பாகி, ஒரு நொடியில் ஊர் கடந்து செல்கிறது. நமது மாவட்டத்தின் மரச் சிற்பத் தொழிலை முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச் சிற்பக் கலை தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வருகிறது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பம் அச்சிறப்பை எய்தியிருந்தது.

சிற்பி முதலில் காகிதத்தில் உருவை வரைகிறார். பிறகு அதனைப் பலகையின் மேல் ஒட்டியோ, கார்பன் காகிதம் வைத்து ஒற்றியோ கோட்டை மரத்துக்கு மாற்றுகிறார். அதன் பின்னரே உளிக்கும் கொட்டாப்புளிக்கும் வேலை. இப்போது சி.என்.சி. எனப்படும் கணினி வழிச் செதுக்கும் இயந்திரங்கள் மர வேலைக்கு வந்துவிட்டன. அவற்றுக்குக் காகிதக் கோடு பயன்படாது. கணினிக் கோடு வேண்டும். காகிதக் கோட்டைக் கணினிக் கோடாக மாற்றும் வித்தையே ‘டிரேசிங்’ எனப்படும் படம் ஒற்றல்.

நெசவாளர் அறிந்த வித்தை

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் அமைத்த தறிப்பொறியை அவர்கள் நன்கறிவர். புட்டாவோ அன்னமோ முதலில் கட்டக் காகிதத்தில் நிரப்பப்படுகிறது. பின்னர் அது துளையிட்ட அட்டையாகிறது. அட்டை, இழையை ஏற்றி இறக்குகிறது. கட்டக் காகிதத்தில் ஒரு கட்டம் தவறினால் சேலை முழுவதும் அத்தவறு திரும்பத் திரும்ப வரும். மரச் செதுக்கு இயந்திரமும் அப்படிப்பட்டதே. கொடுத்த கோட்டைச் செய்யும். கோடு சரியா என்று கேளாது.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கணினியில் படம் இரு வகைப்படும். ஒன்று புள்ளிப் படம். கட்டக் காகிதத்தைப் போலச் சிறு சிறு சதுரங்களால் ஆனது. கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் இவ்வகை. மற்றொன்று கோட்டுப் படம். ஒவ்வொரு வளைவும் கணக்கால் குறிக்கப்பட்டது. புள்ளிப் படத்தைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும். கோட்டுப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினும் வளைவு வளைவாகவே நிற்கும். இவ்வளைவுக் கணக்கு மோட்டார் தொழிலில் பிறந்தது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் தெ காஸ்தெல்ழோ என்பாரும், ரெனோ நிறுவனத்தில் பெசியே என்பாரும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வண்டிகளின் உடலை வடிவமைப்பதற்காக இதனை வகுத்தனர். கார் வண்டியின் வளைவுக்காக எழுந்த கணக்கு இன்று யாளியின் துதிக்கைக்கும் தாமரையின் இதழுக்கும் பயன்படுகிறது.

ஒற்றும் முறை

இதற்கெனப் பல மென்பொருள்கள் உண்டு. வெக்ட்ரிக் நிறுவனத்தின் ‘வி-கார்வ்’, ‘ஆஸ்பயர்’ ஆகியவை விலைக்குக் கிடைப்பவை. ‘இங்க்ஸ்கேப்’ என்பது இலவசமாகப் பெறத்தக்கது. செதுக்கு இயந்திரத்தை அது நேரே நடத்தாவிடினும், வரைவதற்கும் ஒற்றுவதற்கும் அது போதும். முறை ஏறக்குறைய எங்கும் ஒன்றே.

முதலாவது, மூலப் படம் தெளிவாக இருத்தல் வேண்டும். பென்சில் கோட்டின் மேல் கறுப்பு மையால் ஒரே சீராக வரைந்து, ஸ்கேனரில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு புள்ளிகள் அமையும். சாதாரண வேலைக்கு அது தாராளம். கைப்பேசியில் எடுப்பதாயின் படத்துக்கு நேர் எதிரே பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சதுரம் கோணலாகும். தெய்வ உருவின் தலை சிறுத்துப் பாதம் பெருக்கும். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் அளவில் ஒரு சதுரம் வரைந்து வைத்தால், பிழையைக் கண்டு திருத்த அதுவே அளவுகோலாகும்.

இரண்டாவது, எவ்வளவு கருமையைக் கோடென்று கொள்வது என்னும் எல்லையை மென்பொருளில் குறிக்க வேண்டும். எல்லை தாழ்ந்தால் மெல்லிய கோடுகள் மறையும். உயர்ந்தால் காகிதத்தின் அழுக்கும் கோடாகும். சிறு புள்ளிகளை வடிகட்டும் வசதியும் உண்டு. அதனை அளவுக்கு மீறி ஏற்றினால் சிலையின் கண்மணியும் அழுக்கோடு அழுக்காகப் போய்விடும்.

மூன்றாவது, ஒற்றிய கோட்டைத் திருத்துதல். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு பொத்தானை அழுத்தியதும் திரையில் படம் அழகாகத் தோன்றுகிறது. வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகின்றனர். பேனாவால் வரைந்த கோடு ஒரு மில்லிமீட்டர் தடிப்புடையதாயின், மென்பொருள் அதன் இரு ஓரங்களையும் தனித்தனியே ஒற்றும். ஒரு கோடு இரு கோடாகும். இயந்திரம் இரண்டையும் வெட்டும். ஆதலின் ஒன்றை நீக்கவோ, நடுக்கோட்டை மட்டும் ஒற்றும் வசதியைப் பயன்படுத்தவோ வேண்டும்.

கோட்டில் கரும்பின் கணுக்களைப் போலச் சில இடங்களில் கணுப்புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பிடித்து இழுத்தால் வளைவு மாறும். ஒரு வட்டத்துக்கு நான்கு கணுக்கள் போதும். தானே ஒற்றிய வட்டத்திலோ பல கணுக்கள் நெருங்கி நின்று, விளிம்பு நடுங்கிய கையால் வரைந்தது போலாகும். வேண்டாத கணுக்களைக் களைந்து, வளைவை ஒரே ஓட்டமாக்குவதே உண்மையான வரைகலை. முனைகள் சேராத கோடுகளைச் சேர்த்து மூடுவதும் அவசியம். மூடாத உருவை இயந்திரம் குடைந்தெடுக்காது.

கணினி அறியாதவை

கணினியில் வரைவதன் இலாபங்களுள் பெரியது, பாதி வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகப் பெறுதல். திருவாசி, தூண், கதவுப் பலகை இவற்றுக்கு இது பேருதவி. ஆனால் தெய்வ உருவை அவ்வாறு திருப்பலாகாது. திருமாலின் பின்கைகளில் வலக்கையில் இருக்க வேண்டிய சக்கரம் இடக்கைக்குப் போகும். சங்கு வலக்கைக்கு வரும். ஆடவல்லான் தூக்கிய திருவடி இடதாக இராமல் வலதாகும். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே, சிற்பிக்கு ஒன்றல்ல. ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என வகுத்து, உருவத்துக்கேற்பத் தாளங்களைக் கொள்ளும் தாளமானக் கணக்கும் சிற்பியிடமே இருக்கிறது. அவ்வளவுகளைத் திரையில் வழிகாட்டுக் கோடுகளாக முன்னரே இட்டு வைத்தால், கருவி அவருக்குக் கட்டுப்பட்டு நிற்கும்.

புகைப்படத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் கொண்டு மேடு பள்ளம் அமைக்கும் மென்பொருள்களும் உள. வெண்மை மேடு, கருமை பள்ளம் என்பது அவற்றின் விதி. மூக்கின் கீழ் விழுந்த நிழலை அவை பள்ளமாகக் குடைந்துவிடும். முகத்தின் உருட்சி எது, வெளிச்சத்தின் மாயம் எது என்று பிரித்தறிய உளி பிடித்த கண்ணே வேண்டும்.

கருவியின் அளவும் கோட்டைக் கட்டுப்படுத்தும். 10 மில்லிமீட்டர் அகலமுள்ள பள்ளத்தை 90 பாகைக் கூர்முனையால் வெட்டினால் ஆழம் 5 மில்லிமீட்டர். 60 பாகை முனையாயின் ஆழம் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர். மெல்லிய பலகையில் இந்த வேற்றுமையே பலகையைத் துளைத்துவிடும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை முனை உள்மூலையில் 3 மில்லிமீட்டர் உருண்டையை விட்டுச் செல்லும். அதனைக் கூராக்குவது கையுளியே. மரத்தின் ரேகை எத்திசையில் ஓடுகிறது, எங்கே பிளக்கும் என்பதையும் திரை காட்டாது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உருக்களைப் பலகையின் அளவுக்குள் நெருக்கமாக அடுக்கிப் பார்த்து, வாள் படுமுன்னரே கழிவைக் கணக்கிடக் கணினியில் இயலும். கல்வராயன் மலையிலோ அடிவாரத்திலோ தம் நிலத்தில் மாவும் வேம்பும் பூவரசும் வளர்த்து, உரிய அனுமதியுடன் விற்போர், எந்நீளப் பலகைக்குத் தேவை மிகுதி என்பதை முன்னரே அறியலாம். இடைத்தரகர் கூறும் அளவை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

கோட்டுக்கு உடையவர் யார்?

இனி நமது கருத்தின் மையத்துக்கு வருவோம். சிற்பி ஒருவர் தாம் வரைந்த திருவாசியை வெளிக் கடையில் கொடுத்து வெட்டச் செய்கிறார் எனக் கொள்வோம். கடைக்காரர் அதனை ஒற்றிக் கோப்பாக்குகிறார், கூலி பெறுகிறார், பலகையைத் திருப்பித் தருகிறார். கோப்பு கடையிலேயே தங்குகிறது. மறுமாதம் அதே திருவாசி வேறொருவருக்கு வெட்டப்படுகிறது. வரைந்தவருக்கு ஒரு காசும் வராது. அதுமட்டுமன்றி, அவர் தம் கைப்பொருளுக்குக் கேட்கும் விலையையே அப்பொருள் கீழிறக்குகிறது.

சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கிறது. விழிப்புடையோர்க்கு மட்டுமே நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிமை அளிக்கிறது. ஆனால் பதிவு செய்யத்தக்க வடிவமைப்பு ஒன்று பதிவு செய்யப்படாதிருந்து, உரிமையாளராலோ அவர் அனுமதி பெற்றவராலோ இயந்திர முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளாக்கப்பட்டால், அவ்வடிவமைப்பில் பதிப்புரிமை முடிந்துவிடும். கையால் செதுக்குகையில் ஐம்பது என்பது பல்லாண்டு உழைப்பு. இயந்திரத்துக்கோ அது எட்டாத எண் அன்று. புதிய வடிவமைப்பாயின், அதனை வெளியிடுமுன் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டால் பத்தாண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டுகளுக்கும் காப்பு உண்டு. பிறர் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒற்றுவதும் இதே நீதிக்கு உட்பட்டதென்பதை நம்மவர் மறத்தலாகாது.

சங்கம் செய்யத்தக்கவை சில உண்டு. ஒரு கணினியும் ஒரு ஸ்கேனரும் சங்க அலுவலகத்தில் இருப்பது பெருஞ்செலவன்று. சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் மரத்துக்குப் பக்கம் உண்டு, தளவாடத்துக்குப் பக்கம் உண்டு. கோட்டுக்குப் பக்கம் இல்லை. அதனைத் திறக்க வேண்டும். வரைந்தவர் பெயர், நாள், அளவு, யாருக்கு எத்தனை தடவை வெட்டக் கொடுக்கப்பட்டது என்பவற்றை எழுதி, ஒவ்வொரு தடவைக்கும் வரைந்தவருக்கு உரிய பங்கை அவர் கணக்கில் வரவு வைக்கலாம். வெளிக் கடைக்குக் கொடுக்கும்போது, வேலை முடிந்ததும் கோப்பை நீக்குவதாக எழுத்து மூலம் ஒப்புதல் பெறலாம்.

கோப்புகளை எம்மென்பொருளும் படிக்கத்தக்க எஸ்.வி.ஜி., டி.எக்ஸ்.எஃப். போன்ற பொது வடிவங்களிலும் சேமித்தல் நலம். ‘ஆர்ட்கேம்’ என்னும் புகழ்பெற்ற செதுக்கு மென்பொருளை 2014-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன்வசமாக்கிற்று. 2018-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. பின்னர் வேறு பெயரில் அது தொடர்ந்ததாயினும், ஒரே பூட்டில் எல்லாச் செல்வத்தையும் வைப்பது தகாது என்பதற்கு அது சான்று.

இறுதியாக, பொருளின் பெயரைக் காத்தல் வேண்டும். புவிசார் குறியீட்டின் பதிவு பத்தாண்டுகளுக்கு உரியது, புதுப்பிக்கத்தக்கது. அப்பெயரின் மதிப்பு கைத்திறனின் மதிப்பே. இயந்திரம் முழுவதும் வெட்டியதைக் கைச்சிற்பமென்று விற்றால், ஒருவர் அடையும் சிறு இலாபத்துக்காக மாவட்டத்துச் சிற்பிகள் அனைவரும் இழப்பர். இயந்திரத்தால் உருவெட்டியதை அவ்வாறே சீட்டில் எழுதி, கைச்சிற்பத்தைத் தனி விலையில் வைப்பதே நேர்மையும் வியாபார விவேகமும் ஆகும்.

கணினியை வேண்டாமென்று தள்ளவும் வேண்டா; அதனிடம் தொழிலை ஒப்படைக்கவும் வேண்டா. சிற்பியின் பிள்ளைகளுள் ஒருவரேனும் கணுப்புள்ளிகளைத் திருத்தக் கற்பாராக. வரைகின்றவர் கையிலேயே கோடு இருக்குமாயின், அதனை வெட்டும் இயந்திரம் எவருடையதாயினும் கவலையில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் பொருள்நிரலில் கோட்டுப் பதிவேட்டையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.